சுவரில் நிற்பவர் யார்? பதுவா நகரக் கோவில்களில் புனிதர்களை அடையாளம் காணும் வழி

நம்மவர்கள் இத்தாலியின் பதுவா நகருக்குப் போனால் நேராகப் போவது கோடி அற்புதர் அந்தோணியாரின் பேராலயத்துக்குத்தான். கல்லறையில் கை வைத்து வேண்டிக்கொள்வார்கள், அவருடைய நாவு இருக்கும் பேழையைப் பார்ப்பார்கள், மெழுகுதிரி வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். பேராலயத்தை ஒட்டிய சதுக்கத்திலேயே செங்கல்லால் கட்டிய, அலங்காரம் அதிகமில்லாத ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. புனித ஜார்ஜ் சிற்றாலயம் என்று பெயர். உள்ளே எல்லாச் சுவர்களிலும் அல்திக்கியேரோ என்ற ஓவியர் 1384இல் வரைந்து முடித்த ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன.

முதல் தடவை நான் அங்கே போனபோது நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்த்தேன். யார் யார் என்று ஒன்றும் பிடிபடவில்லை, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்த தடவை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பதுவாவை வைத்துச் சொன்னாலும், பிற்கால இடைக்காலக் கோவில் ஓவியம் எதற்கும், அதாவது 1300இலிருந்து 1500 வரையிலான சுவர்களுக்கு, இந்த முறை உதவும்.

போவதற்கு முன்

ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். இந்த ஓவியங்களில் பாதி நம் தலைக்கு மேலே நான்கு, ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கும். அடையாளம் காட்டும் பொருளோ உள்ளங்கை அளவுதான் இருக்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நினைப்போம், மங்கிய வெளிச்சத்தில் அது சரியாக வராது.

அப்புறம் சில்லறை. இத்தாலியக் கோவில்கள் பலவற்றில் சுவரோரம் ஒரு பெட்டி இருக்கும். அதில் 50 சென்ட் அல்லது 1 யூரோ நாணயம் போட்டால் சில நிமிடங்களுக்கு விளக்கு எரியும். ஐந்தாறு நாணயங்கள் பையில் இல்லாமல் போகாதீர்கள். மதிய வேளையில் பல கோவில்களைச் சாத்திவிடுவார்கள், பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

உள்ளே போனதும் நெருங்காதீர்கள்

வாசலை ஒட்டி நின்று முதலில் முழுக் கட்டடத்தையும் பாருங்கள். ஓவியர்கள் கண்ட இடத்தில் கண்டவரை வரையவில்லை. சுவரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வழக்கம் இருந்தது, அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பீடத்துக்கு மேலே, கூரையின் வளைவில், பெரும்பாலும் கிறிஸ்து அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றியோ கூரையின் நான்கு பிரிவுகளிலோ நான்கு உருவங்கள் இருந்தால் அவை நற்செய்தியாளர்கள். மனித முகம் மத்தேயு, சிங்கம் மாற்கு, காளை லூக்கா, கழுகு யோவான். எசேக்கியேல் கண்ட காட்சியிலும் திருவெளிப்பாட்டிலும் வரும் நான்கு உயிரினங்கள் இவை. நான்கிற்கும் இறக்கை உண்டு. அதனால் இறக்கையுள்ள மனிதனைப் பார்த்ததும் சம்மனசு, அதாவது வானதூதர், என்று முடிவு கட்டிவிடாமல், பக்கத்தில் சிங்கமும் காளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பீடத்தைச் சுற்றிய சுவரில் ஆண்கள் வரிசையாக நின்றால் எண்ணுங்கள், பன்னிரண்டு பேர் என்றால் அப்போஸ்தலர்கள்.

பீடப் பகுதிக்கும் மக்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு பெரிய வளைவு இருக்கும். அதன் ஒரு பக்கம் கபிரியேல், மறுபக்கம் மாதா, நடுவில் வெற்றிடம். இயேசு பிறப்பார் என்று வானதூதர் மாதாவுக்கு அறிவித்த மங்களவார்த்தைக் காட்சி அது. பதுவாவின் ஸ்க்ரொவேஞ்னி சிற்றாலயத்தில் ஜோத்தோ இப்படித்தான் வரைந்திருக்கிறார். அந்தக் கோவில் 1305இல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கேயே திரும்பி வாசல் சுவரைப் பாருங்கள். பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் நடக்கும் இறுதித் தீர்ப்பு, முழுச் சுவரையும் நிறைத்திருக்கும். உள்ளே வரும்போது முதுகுக்குப் பின்னால் இருப்பது, வெளியே போகும்போது நேர் எதிரே நிற்கும். அந்தக் காலத்து மக்கள் ஒவ்வொரு பூசை முடிந்தும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.

பக்கச் சுவர்கள்தான் புனிதர்களின் இடம். நாம் தேடி வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இப்போது கிட்டே போகலாம். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தால் புனிதர். ஒளிவட்டத்துக்குள் சிலுவை வடிவம் இருந்தால் கிறிஸ்து, குழந்தையாக இருந்தாலும் சரி. ஒளிவட்டம் இல்லாமல், கைகூப்பி மண்டியிட்டு, பல படங்களில் மற்றவர்களைவிடச் சின்னதாக ஒருவர் தெரிந்தால், ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர் அவர். பக்கத்தில் குடும்பச் சின்னம் பொறித்த கேடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்க்ரொவேஞ்னி கோவிலின் பொதுத்தீர்வையில், மீட்கப்பட்டவர்கள் பக்கத்தில், என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்னி மண்டியிட்டு அந்தக் கோவிலின் மாதிரியையே கையளித்துக்கொண்டிருக்கிறார். அவர் வட்டிக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பாவை தாந்தே தம் காவியத்தில் நரகத்தில் வைத்திருக்கிறார். கோவில் மாதிரியைக் கையில் ஏந்தியவர் யாராக இருந்தாலும், அதைக் கட்டியவர், கட்டவைத்தவர் அல்லது அந்த ஊரின் பாதுகாவலர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒளிவட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அவர் புனிதரா புரவலரா என்று பிரித்துவிடலாம்.

உடுப்பு

முகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தக் கால ஓவியர் பலருக்கு இளம் பெண் என்றால் ஒரே முகம், ஆயர் என்றால் ஒரே தாடி. உடுப்பு அப்படி ஏமாற்றாது. நம் ஊர்க் கோவிலில் சுரூபங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிது.

கூரிய தொப்பியும் வளைந்த செங்கோலும் இருந்தால் ஆயர். மூன்றடுக்கு மகுடம் பாப்பரசர். அகன்ற விளிம்புள்ள சிவப்புத் தொப்பி கர்தினால், அவர் காலடியில் சிங்கமும் படுத்திருந்தால் எரோணிமுஸ். மேலே அகன்ற கையுள்ள நேரான அங்கி, தாடியில்லாத இளமுகம் என்றால் திருத்தொண்டர், அதாவது குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர். இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு பிரான்சிஸ்கன் சபை. வெள்ளை உடுப்பின் மேல் கறுப்புப் போர்வை தோமினிக்கன் சபை. கவசம் அணிந்தவர் படைவீரராக வாழ்ந்த புனிதர். கிரீடம் சூடிய பெண் அரச குலத்தவர், அல்லது அப்படிச் சொல்லப்பட்டவர்.

கையைப் பாருங்கள், காலடியையும் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. கையில் குருத்தோலை இருந்தால் வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், என்று உடனே தெரிந்துகொள்ளலாம். குருத்து ஞாயிறன்று நாம் பிடிப்பதுபோலவே பிடித்திருப்பார்கள். எந்த வேதசாட்சி என்பதை இன்னொரு கை சொல்லும்.

பல சமயம் அவர்களைக் கொன்ற கருவியே அவர்களின் அடையாளம். லாரன்ஸ் இரும்பு அடுப்புத்தட்டைப் பிடித்திருப்பார். நம் முடியப்பர், அதாவது ஸ்தேவான், தலையிலோ தோளிலோ மடியிலோ கற்களை வைத்திருப்பார். இரண்டு பேருமே திருத்தொண்டர் உடுப்பில் இருப்பார்கள், கையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பர்த்தலொமேயு கையில் கத்தி, சில படங்களில் உரித்த தன் தோலையே தோளில் போட்டிருப்பார். என்னை எப்போதும் நிறுத்திவைப்பது, இவர்கள் அந்தக் கருவிகளைப் பிடித்திருக்கும் விதம். தச்சர் உளியைப் பிடிப்பதுபோல, பழகிய கையாகப் பிடித்திருப்பார்கள். முகத்தில் வலியே இராது.

அப்போஸ்தலர்களில் முதலில் இராயப்பரையும் (பேதுரு) சின்னப்பரையும் (பவுல்) கண்டுபிடியுங்கள். இராயப்பர் என்றால் சாவி, குட்டையான நரைத்த சுருள்தாடி. சின்னப்பர் என்றால் வாள், நீண்டு கூர்ந்த கறுந்தாடி, ஏறிய நெற்றி. இந்த இருவருக்கு மட்டும் முகத்தையும் நம்பலாம், ஆயிரம் ஆண்டுகளாக ஓவியர்கள் அதை மாற்றவில்லை. தாடியில்லாத இளைஞர் யோவான். பெருக்கல் குறிபோன்ற சிலுவை அந்திரேயா, ஆனால் இத்தாலியின் பழைய சுவர்களில் அவருக்குச் சாதாரணச் சிலுவையும் கலைந்த வெள்ளை முடியும் உண்டு. தோமையார் சில இடங்களில் ஈட்டியோடு நிற்பார், பரங்கிமலையை அறிந்தவர்களுக்கு அது புரியும். வேறு சில இடங்களில் கட்டடக் கொத்தனாரின் மூலைமட்டத்தோடு நிற்பார். இந்திய அரசன் ஒருவன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ‘உன் அரண்மனை விண்ணகத்தில் தயாராகிறது’ என்று அவர் சொன்ன கதையிலிருந்து வந்த அடையாளம் அது.

பெண்களில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் பாதிச் சுவரைப் படித்துவிடலாம். கூர்முனைகள் பதித்த சக்கரம் அலெக்சாந்திரியா கத்தரீன். கோபுரம் பார்பரா, அதில் மூன்று சன்னல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், மூவொரு கடவுளுக்காக அவள் வைக்கச் சொன்னவை அவை. பறவைநாகம் மார்கரீத். ஜெர்மன் பேசும் நாடுகளில் புழு, கோபுரம், சக்கரம் என்று இந்த மூவரையும் சேர்த்துக் குழந்தைகளுக்கு ஒரு பாட்டே உண்டு. மார்கரீத்தின் நாகத்தைத்தான் புழு என்கிறது அந்தப் பாட்டு. ஆட்டுக்குட்டி ஆக்னெஸ், லத்தீனில் ஆட்டுக்குட்டிக்கு ‘ஆக்னுஸ்’ என்று பெயர், ஒலி ஒற்றுமையால் வந்த அடையாளம். தைலச் சிமிழும் அவிழ்ந்த நீண்ட கூந்தலும் மதலேன் மரியா. குறட்டில் பிடித்த பல் அப்பொலோனியா. தட்டில் இரண்டு மார்பகங்கள் அகத்தா, தட்டில் இரண்டு கண்கள் லூசியா.

கீழே பார்க்கவும் மறக்காதீர்கள். நாய், பன்றி, சிங்கம், நாகம், தரையில் கிடக்கும் அரசன் எல்லாம் காலடியில்தான் இருக்கும். சுவரின் கீழ்ப்பகுதி ஈரத்தாலும் மக்கள் உரசியும் முதலில் அழிந்துபோவதால், பாதி நாயும் கால் பன்றியும்தான் மிஞ்சியிருக்கும். பொறுமையாகத் தேடுங்கள்.

ஒரே அடையாளம் போதாது

ஜார்ஜ் சிற்றாலயத்தில் இதற்கு அருமையான பாடம் இருக்கிறது. ஒரு சுவரில் சக்கரத்தில் வைத்து வதைக்கும் காட்சி, சக்கரத்தை வானதூதர்கள் உடைக்கிறார்கள். எதிர்ச் சுவரிலும் சக்கரம், வானதூதர்கள். சக்கரம் என்றால் கத்தரீன் என்று மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர் இங்கே திணறுவார். ஏனென்றால் ஒன்று கத்தரீன், மற்றது ஜார்ஜ். நாகத்தைக் கொன்ற வீரரை மட்டுமே நமக்குத் தெரியும். அவரையும் சக்கரத்தில் வைத்ததாகவும், நஞ்சு கொடுத்ததாகவும், கடைசியில் தலையை வெட்டியதாகவும் இடைக்காலக் கதை சொல்கிறது.

நாகமும் அப்படித்தான். இறக்கையோடு நாகத்தை மிதித்தால் மிக்கேல் அதிதூதர், கையில் தராசும் இருக்கலாம். இறக்கையில்லாமல் குதிரைமேல் இருந்தால் ஜார்ஜ். பெண்ணாக இருந்து நாகத்தின் முதுகிலிருந்து வெளிவந்தால் மார்கரீத். குதிரைமேல் இருந்து, நாகம் இல்லாமல், போர்வையை வாளால் வெட்டிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்தால் மார்ட்டின்.

எனவே நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறேன். உடுப்பு, கை, காலடி, பக்கத்தில் நிற்பவர் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு ஒத்துவந்தால்தான் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுவேன். ஒன்று மட்டும் கிடைத்தால் கேள்விக்குறி போட்டு வைப்பேன்.

நின்றபடி இருக்கும் தனி உருவமாக இல்லாமல் கதையாக வரைந்திருந்தால் வேறு வழி. ஒரே கட்டத்துக்குள் ஒரே ஆள் இரண்டு, மூன்று தடவை வரலாம். உடுப்பின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள், ஓவியர் பெரும்பாலும் அதை மாற்றமாட்டார். இந்தக் கதைகளில் பெரும்பகுதி வந்தது 13ஆம் நூற்றாண்டில் ஜாக்கோபோ தா வராஜ்ஜினே தொகுத்த புனிதர் வரலாறுகளிலிருந்து. பிற்காலத்தில் அவர் ஜெனோவாவின் பேராயர் ஆனார். லூசியாவின் கண்களைப் பிடுங்கிய கதை அந்தத் தொகுப்பில் இல்லை. அதில் அவளை இழுத்துப் போக மாடுகளைப் பூட்டுகிறார்கள், அவள் அசையவில்லை. ஜார்ஜ் சிற்றாலயத்திலும் அந்த மாடுகள்தான் இருக்கின்றன. தட்டில் வைத்த கண்களை மட்டும் தேடிப் போனால் அவளைக் கோட்டைவிட்டுவிடுவீர்கள்.

நம்மவர்களுக்கு வரும் குழப்பங்கள்

பதுவை அந்தோணியார் என்றால் நமக்குக் கையில் குழந்தை இயேசு இருக்க வேண்டும். என் அம்மாவின் செபப் புத்தகத்தில் வைத்திருந்த படம் அப்படித்தான். பதுவாவிலேயே பழைய சுவர்களில் நான் அந்தக் குழந்தையைத் தேடி ஏமாந்தேன். குழந்தை இயேசுவோடு அவரை வரைவது பரவலானது 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. அதற்கு முன் அவர் கையில் புத்தகம் இருக்கும், அல்லது நெருப்புச் சுடர், பிறகு லீலி மலர். பிரான்சிஸ்கன் உடுப்பு, கயிறு, புத்தகம், கைகால்களிலும் விலாவிலும் ஐந்து காயம் இல்லை என்றால் அந்தோணியார். ஐந்து காயம் இருந்தால் அசிசி பிரான்சிஸ்.

அடுத்த குழப்பம் வனத்து அந்தோணியார். நீண்ட வெண்தாடி, ‘T’ வடிவ ஊன்றுகோல், மணி, பன்றி, சில இடங்களில் காலடியில் நெருப்பு. அவர் எகிப்தின் பாலைவனத் துறவி, பதுவை அந்தோணியாருக்கு ஒன்பது நூற்றாண்டுகள் முந்தியவர். பன்றிக்குக் காரணம் அவர் பெயரில் இயங்கிய மருத்துவமனைச் சபை. அந்தச் சபையின் பன்றிகள் கழுத்தில் மணியோடு ஊருக்குள் தாராளமாக மேயலாம், யாரும் தொடக்கூடாது. அந்த மருத்துவமனைகள் கவனித்த முக்கிய நோய் ‘அந்தோணியார் நெருப்பு’. ரை என்ற தானியத்தில் வளரும் பூஞ்சையால் கைகால் எரிந்து கறுத்து விழும் நோய் அது. காலடி நெருப்பு அந்த நோய்தான்.

மாதாவின் கணவர் சூசையப்பரைத் தனிப் புனிதராக இந்தக் காலச் சுவர்களில் தேடி அலையாதீர்கள். கிறிஸ்து பிறப்புக் காட்சியில் ஒரு மூலையில், கன்னத்தில் கை வைத்துத் தூங்கும் கிழவராக இருப்பார். அவர் திருநாள் ரோமைத் திருச்சபையின் நாட்காட்டியில் சேர்ந்ததே 1479இல்தான்.

அப்போஸ்தலர்களில் யாகப்பர், அதாவது யாக்கோபு, இருவர் உண்டு. பெரியவர் நம் சந்தியாகப்பர். அந்தப் பெயரே அவர் கல்லறை இருக்கும் ஸ்பெயினின் சந்தியாகோவை நினைவூட்டுகிறது. சிப்பி பதித்த தொப்பி, கோல், பை எல்லாம் அங்கே நடந்து போகும் திருப்பயணியின் உடுப்பு. தம்மைத் தேடி வருபவர்களைப்போலவே உடுத்திக்கொண்ட புனிதர் அவர். இளைய யாகப்பரின் அடையாளம் சலவைத் தொழிலாளர் துணியை அடிக்கும் தடி. அந்தோணியார் பேராலயத்துக்குள்ளேயே ஒரு சிற்றாலயத்தில் பெரியவரின் கதையும், 1382இல் ஜுஸ்தோ தே மெனாபுவோய் வரைந்த பெல்லூதி சிற்றாலயத்தில் இளையவரின் கதையும் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

எழுத்து இருந்தால் எழுத்தையும் படியுங்கள்

உருவத்தின் காலடியிலோ தலைக்கு இருபுறமுமோ பெயர் எழுதியிருக்கலாம். எல்லாம் லத்தீன், நெருக்கி எழுதிய கோத்திக் எழுத்து. முதலில் தனியாக ‘S’ இருந்தால் புனிதர். ‘SCS’ ஆண், ‘SCA’ பெண். எழுத்தின்மேல் சின்னக் கோடு இருந்தால் ஏதோ எழுத்துகளை விட்டுவிட்டார்கள் என்று பொருள். எழுத்துகளை நம்புங்கள், ஆனால் பின்னால் புதுப்பித்தவர்கள் தவறாக மறுபடி எழுதிய இடங்களும் உண்டு. கையில் இருக்கும் பொருளும் எழுத்தும் முரண்பட்டால் நான் பொருளின் பக்கம் நிற்பேன்.

இவர் ஏன் இங்கே?

பெயர் தெரிந்ததும் பலர் அடுத்தவரிடம் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு உண்மையான பார்வை இங்கேதான் தொடங்குகிறது. இந்தப் புனிதரை யாருக்கு வேண்டியிருந்தது? எதற்குப் பயந்தார்கள்?

கிறிஸ்தோபரை எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் குழந்தை இயேசுவோடு ஆற்றைக் கடக்கும் பெரிய உருவம், கையில் துளிர்த்த மரக்கோல், காலடியில் மீன்கள். வாசலுக்கு நேர் எதிரே இருப்பார், ஆல்ப்ஸ் மலைப்பகுதிக் கோவில்களில் வெளிச்சுவரிலேயே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்பார். அவரைப் பார்த்த நாளில் திடீர்ச் சாவு வராது என்று மக்கள் நம்பினார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யாமல், அவஸ்தைபூசுதல் பெறாமல் போவதுதான் அவர்களுக்குப் பெரிய அச்சம். கோவிலுக்குள் வர நேரமில்லாத வண்டிக்காரரும் சாலையில் போகிறபோக்கில் ஒரு தடவை பார்க்கட்டும் என்றுதான் அவ்வளவு பெரிதாக, வெளியே வரைந்தார்கள். இங்கிலாந்தின் பிக்கெரிங் கோவிலிலும் வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறார்.

செபஸ்தியார் கதை இன்னும் கனமானது. 1347க்குப் பிறகு கொள்ளைநோய் ஐரோப்பாவைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து குத்தும் அம்புபோல அந்த நோயைப் பார்த்தார்கள். அம்பு தைத்தும் சாகாமல் பிழைத்த செபஸ்தியாரிடம் ஓடினார்கள். அம்புகளால் அவர் இறக்கவில்லை, பிறகு தடியால் அடித்துத்தான் கொன்றார்கள் என்பது கதையில் முக்கியமான இடம். 1464இல் சான் ஜிமிஞானோ ஊரில் நோய் பரவியபோது அகுஸ்தினார் கோவிலில் பெனோட்சோ கோட்சோலி அவரை வரைந்தார். அதில் செபஸ்தியார் முழு உடுப்போடு நிற்கிறார். அவருடைய போர்வையை வானதூதர்கள் விரித்துப் பிடிக்க, அடியில் ஊர்மக்கள் ஒண்டியிருக்கிறார்கள். மேலிருந்து வரும் அம்புகள் போர்வையில் பட்டு முறிகின்றன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே ஊரின் பெரிய கோவிலில் அதே ஓவியர் உடலெங்கும் அம்பு தைத்த வழக்கமான செபஸ்தியாரை வரைந்தார். சாவு ஊருக்குள் இருந்தபோது அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது போர்வை. முதல் படத்தின் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆரோக்கியநாதர், அதாவது ரோக், தொடையில் கொப்புளத்தைக் காட்டியபடி, ரொட்டி கொண்டுவரும் நாயோடு நிற்பார். அவர் பக்தி பரவியது பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இப்படி, யார் இருக்கிறார் என்பதை வைத்துச் சுவரின் வயதையும் ஊகிக்கலாம். ஒட்டிய கன்னம், கூர்ந்த தாடை, கதிர் வீசும் வட்டத்துக்குள் இயேசுவின் திருப்பெயர் எழுதிய பலகை: சியன்னா பெர்னார்தீன். 1444இல் இறந்தார், 1450இல் புனிதர் பட்டம். முழு ஒளிவட்டத்தோடு அவர் இருந்தால் ஓவியம் அதற்குப் பிந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். முகத்தை விடுங்கள் என்றேன், இவருக்கு அது பொருந்தாது. பலர் நேரில் பார்த்த முகம், ஓவியர்களால் அழகுபடுத்த முடியவில்லை.

பணம் கொடுத்தவரையும் கேள்விக்குள் கொண்டுவாருங்கள். ஜார்ஜ் சிற்றாலயத்தைக் கட்டிய ரைமோந்தினோ லூபி ஒரு படைவீரர், தம் குடும்பக் கல்லறைக்குப் படைவீரப் புனிதரைத் தேர்ந்துகொண்டார். பேராலயத்துக்குள் சந்தியாகப்பர் சிற்றாலயத்தை 1370களில் எழுப்பியது அதே குடும்பத்தின் போனிபாச்சோ லூபி. லூபி என்றால் ஓநாய்கள். சந்தியாகப்பரின் உடலுக்கு அடக்க இடம் கேட்கும் கதையில் லூப்பா என்ற அரசி வருகிறாள், பெயரின் பொருள் பெண் ஓநாய். அந்த அரசி இந்தச் சுவரில் இவ்வளவு இடம் பிடித்திருப்பதற்குக் குடும்பப் பெயரும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

உதிர்ந்ததும் இடிந்ததும்

மாதாவின் போர்வை பல இடங்களில் நீலமாக இராது. கறுத்தோ வெளிறியோ இருக்கும். ஃபிரெஸ்கோ என்பது ஈரமான சுண்ணாம்புக் காரையின்மேல் வரைவது. காரை காற்றோடு சேர்ந்து இறுகும்போது நிறம் அதற்குள் சிறைப்பட்டுவிடும். அதனால்தான் அறுநூறு ஆண்டு நிற்கிறது. ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் காரை பூசுவார்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது அந்த ஒவ்வொரு நாள் வேலையின் ஓரமும் மெல்லிய வரப்பாகத் தெரியும். ஆனால் விலையுயர்ந்த நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. காய்ந்த பிறகு பசை சேர்த்துப் பூச வேண்டும், அது உதிர்ந்துவிடும். ஸ்க்ரொவேஞ்னியில் கிறிஸ்து பிறப்புக் காட்சியில் மாதாவின் உடுப்பைப் பார்த்தால் இது புரியும். நீலம் இல்லையே என்று மாதாவை வேறு யாரோவாக எண்ணிவிடாதீர்கள்.

வடக்கு நாடுகளில் புரட்டஸ்தாந்து சீர்திருத்தக் காலத்தில் சுவர் ஓவியங்களை வெள்ளையடித்து மறைத்தார்கள். பிக்கெரிங் ஓவியங்கள் 1852இல் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து வெளிவந்தன, பங்குக்குரு மறுபடியும் வெள்ளையடித்துவிட்டார், பிறகுதான் நிலையாக மீட்டார்கள். அதில் நிறையப் புதுப்பித்த கோடுகள் உண்டு, அந்த நினைவோடு பாருங்கள்.

ஒரு நாள் பதுவாவில்

காலையில் ஸ்க்ரொவேஞ்னி. முன்பதிவு செய்துகொண்டு போங்கள். உள்ளே விடுவதற்கு முன் காற்றின் ஈரப்பதத்தைச் சமப்படுத்தும் அறையில் கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள், உள்ளேயும் கிடைப்பது சிறிது நேரம்தான். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். வாசல் சுவரில் என்ரிக்கோவையும், பக்கச் சுவர்களில் இராயப்பரையும் மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

பக்கத்திலேயே எரெமித்தானி கோவில். அங்கே ஒவெத்தாரி சிற்றாலயத்தில் இளைஞர் மந்தேஞ்ஞா சந்தியாகப்பரையும் கிறிஸ்தோபரையும் வரைந்திருந்தார். 1944 மார்ச் 11 அன்று விழுந்த குண்டுகளில் அது நொறுங்கியது. முன்னரே கழற்றி வைத்திருந்த இரண்டு காட்சிகள் தப்பின. மற்றவற்றின் 80,000க்கும் மேற்பட்ட துண்டுகளைச் சேகரித்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று கணினியில் தேடி, பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பொருத்தியிருக்கிறார்கள். சாம்பல் நிறச் சுவரில் அங்கங்கே ஒரு விரல், ஒரு செருப்பு வார், ஒரு கூரையின் ஓரம். கற்றுக்கொண்டதை வைத்து அதில் யாராவது ஒருவரைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் அந்தோணியாரிடம் வாருங்கள். முதலில் கல்லறை, அப்புறம் இரண்டு யாகப்பர்கள். வெளியே வந்து, சின்னக் கட்டணம் கட்டி, ஜார்ஜ் சிற்றாலயத்துக்குள் நுழையுங்கள். கூட்டம் அதிகம் இராது. இரண்டு சக்கரங்களையும் தேடிப் பிடியுங்கள். பிறகு லூசியாவிடம் போங்கள். மாடுகள் கழுத்தை நீட்டி இழுக்கின்றன, கயிறுகள் விறைத்திருக்கின்றன, நடுவில் அவள் நேராக நிற்கிறாள்.